கார் மேம்பாலத்தில், பீரோ தரைத்தளத்தில்: மழைக்கு முன் காப்பீட்டுத் தாளைப் பிரித்துப் பார்ப்போமா?

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கு மிகக் கனமழை எச்சரிக்கை வந்ததும், வேளச்சேரியில் பலர் செய்த முதல் வேலை காரை எடுத்துக்கொண்டு போய் மேம்பாலத்தின் ஓரத்தில் நிறுத்தியதுதான். வரிசையாக நின்ற கார்களின் படங்கள் அன்று முழுக்க செல்பேசிகளில் சுற்றின. அபராதம் போடுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்ப, அப்படியெல்லாம் இல்லை என்று காவல்துறை விளக்கம் கொடுத்தது. கிண்டல் செய்தவர்களும் உண்டு. ஆனால் அதற்கு முந்தைய டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணையில் ஒரு குடியிருப்பின் கார்கள் பொம்மைகள் மாதிரி அடித்துக்கொண்டு போன வீடியோவைப் பார்த்தவர்களுக்கு அதில் சிரிக்க எதுவும் இல்லை.

கார் மேம்பாலம் ஏறிவிடும். பீரோ ஏறாது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பிள்ளைகளின் புத்தகம் எதுவும் ஏறாது. 2015-லும் 2023-லும் தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். மிக்ஜாமுக்குப் பிறகு அரசு கொடுத்த நிவாரணம் குடும்பத்துக்கு 6,000 ரூபாய். அது அந்த நேரத்துக்குப் பெரிய உதவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு நடுத்தரமான ஃப்ரிட்ஜ் விலையில் கால் பங்குதான் அது.

"அதான் இன்சூரன்ஸ் இருக்கே" என்பார் ஒருவர். இருக்கிறதா? எது இருக்கிறது, அது யாருக்குப் பணம் தரும் என்பதில்தான் நம்மில் பெரும்பாலோர் கோட்டை விடுகிறோம். நகரத்தில் குடியிருப்பவருக்கு மூன்று வகைக் காப்பீடுகள் முக்கியம்: வண்டிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, வாடகை வீட்டில் இருக்கும் பொருட்களுக்கு ஒன்று. முதலாவதை வாங்கச் சொல்லிச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. இரண்டாவதை, வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கி கட்டாயப்படுத்துகிறது. மூன்றாவதை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அதனால் யாரும் வாங்குவதுமில்லை. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும். சட்டம் கேட்கும் காப்பீடு நம் வண்டியால் அடிபடுகிறவரைக் காக்கிறது. வங்கி கேட்பது முதலில் வங்கியைக் காக்கிறது. நம்மைக் காக்க வேண்டியதை நாமேதான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

சட்டம் கேட்பது அடுத்தவருக்காக

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பொது இடத்தில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது தேர்ட் பார்ட்டி, இருக்க வேண்டும் என்கிறது. இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் இடம் இருக்கிறது. உங்கள் வண்டி இடித்து இன்னொருவர் காயமடைந்தாலோ இறந்தாலோ, தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். அடுத்தவர் சொத்துக்குச் சேதம் என்றால் தனியார் காருக்கு வழக்கமான பாலிசியில் ஏழரை லட்சம் வரை. உங்கள் காருக்கு? ஒரு பைசா கிடையாது. வெள்ளத்தில் மூழ்கினாலும் சரி, திருடு போனாலும் சரி, 2016 டிசம்பரில் வர்தா புயல் மரங்களைச் சாய்த்ததுபோல ஒரு தூங்குமூஞ்சி மரம் கூரை மேல் விழுந்தாலும் சரி, தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

இதில் பலர் விழும் குழி ஒன்று உண்டு. 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்று வருடத்துக்கும், புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்து வருடத்துக்கும் தேர்ட் பார்ட்டியை மொத்தமாகக் கட்ட வேண்டும் என்று ஆனது. உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் வந்த ஏற்பாடு. ஷோரூமில் தாளைக் கொடுக்கும்போது, "மூணு வருஷத்துக்கு கவலையே இல்ல சார்" என்று சொல்லி அனுப்புவார்கள். அது பாதி உண்மை. நம் வண்டிச் சேதத்துக்கான பகுதி, அதாவது ஓன் டேமேஜ், பெரும்பாலும் ஒரே ஒரு வருடத்துக்குத்தான் கட்டப்பட்டிருக்கும். இரண்டாம் வருடம் அதைப் புதுப்பிக்காமல் விட்டால், கையில் செல்லுபடியாகும் பாலிசி இருக்கும், போலீஸ் கேட்டால் காட்டலாம், ஆனால் வெள்ளம் வந்தால் அது வெறும் தாள். இன்று இரவே உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது முன்னால் வரும் தேதியை.

தேர்ட் பார்ட்டிக்கான கட்டணம் அரசு நிர்ணயிப்பது, எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். 2022 ஜூன் முதல் நடப்புக்கு வந்த அட்டவணையில் 1000 சிசி வரையிலான காருக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. "எங்களிடம் பிரீமியம் குறைவு" என்று யாராவது சொன்னால், குறைத்திருப்பது ஓன் டேமேஜ் பகுதியில்தான். எதைக் குறைத்தார்கள் என்று கேளுங்கள். அநேகமாக ஐடிவி.

ஐடிவி என்பது, வண்டி முழுசாகப் போனால் நிறுவனம் தரும் உச்சத் தொகை. பதிவுக் கட்டணம், சாலை வரி இதெல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலையை வைத்து இதைக் கணக்கிடுவதில்லை. தயாரிப்பாளர் அறிவித்த விலையிலிருந்து வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பார்கள்: முதல் ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஒரு வருடத்துக்குள் 15, இரண்டு வருடத்துக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50. அதற்கும் பழைய வண்டி என்றால் நீங்களும் நிறுவனமும் பேசி முடிவு செய்துகொள்வது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டு லட்சம் விலையுள்ள கார், மூன்றரை வயது. ஐடிவி 4,80,000. பழுது பார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது இங்கே 3,60,000-ஐத் தாண்டினால், வண்டி முழு இழப்பு என்று கருதப்படும். வெள்ளத்தில் டாஷ்போர்டு வரை மூழ்கிய வண்டிகள் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கும். நிறுவனம் ஐடிவியைக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்ளும். கட்டாயப் பிடித்தம் 1500 சிசி வரை ஆயிரம் ரூபாய், மேலே போனால் இரண்டாயிரம். கார் மேல் கடன் பாக்கி இருந்தால் பணம் முதலில் கடன் கொடுத்தவருக்குப் போகும், மீதிதான் உங்களுக்கு. 500 ரூபாய் மிச்சம் பிடிக்க ஐடிவியை ஐம்பதாயிரம் குறைத்துக்கொண்டவர்கள் அன்றைக்குத்தான் கணக்கைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

சாவியைத் திருப்பாதீர்கள்

விரிவான பாலிசி வைத்திருந்தும் பணம் கிடைக்காமல் போகும் இடம் ஒன்று உண்டு. சென்னைக்காரர்கள் இதைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். தண்ணீர் நின்ற வண்டியில் சாவியைத் திருப்பினால், காற்று போக வேண்டிய வழியில் தண்ணீர் எஞ்சின் சிலிண்டருக்குள் போகும். பிஸ்டன் காற்றை அழுத்தும், தண்ணீரை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் எஞ்சின் பிளாக்கே உடையும். மெக்கானிக்குகள் இதை ஹைட்ரோலாக் என்பார்கள்.

காப்பீட்டு நிறுவனம் இதை எப்படிப் பார்க்கிறது தெரியுமா? வெள்ளம் வண்டியை நனைத்தது இயற்கைப் பேரிடர், அதற்குப் பாலிசி உண்டு. எஞ்சின் உடைந்தது நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு, அதற்கு வழக்கமான பாலிசியில் இடமில்லை. 2015 டிசம்பரில் இதை எழுதுபவனும் அந்தச் சாவியைத் திருப்பியவன்தான். தண்ணீர் வடிந்து இரண்டு நாள் ஆகிவிட்டதே, ஒருமுறை பார்க்கலாமே என்ற ஆசை. சர்வேயர் வந்து எஞ்சினைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "ஸ்டார்ட் பண்ணீங்களா சார்?" அந்தக் கேள்விக்கான பதில் மட்டும் எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது.

இதற்கென்றே எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் இணைப்பு விற்கிறார்கள். பள்ளிக்கரணை, முடிச்சூர், வேளச்சேரி, மணப்பாக்கம், கோட்டூர்புரம் பக்கம் தரைத்தளத்திலோ அடித்தளத்திலோ வண்டி நிறுத்துபவர் இதை வாங்காமல் இருப்பது சரியில்லை என்பேன். வயதான வண்டிகளுக்குப் பல நிறுவனங்கள் இதைத் தருவதில்லை, அவர்களுக்கு மேம்பாலம்தான். இணைப்பு இருக்கிறது என்பதற்காக ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இழுத்துக்கொண்டு போகும் வண்டியைக் கூப்பிடுவதுதான் வழி.

இன்னொரு இணைப்பு ஜீரோ டெப். சாதாரண பாலிசியில் பழுதுக்கு மாற்றும் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள், டயர், பேட்டரிக்கு விலையில் பாதிதான் கிடைக்கும். 12,000 ரூபாய் பம்பருக்கு ஆறாயிரம். இன்றைய கார்களில் முன்பக்கம் முழுக்க பிளாஸ்டிக்தான் என்பதால், புதிய காருக்கு இது அவசியம். பழைய காருக்கு அவரவர் கணக்கு.

சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போகாதீர்கள். கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறும். ஒரு கிளெய்மில் அது பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். 50 சதவீதத் தள்ளுபடியில் இருப்பவர், மூவாயிரம் ரூபாய் பெயின்ட் வேலைக்காகக் கிளெய்ம் செய்வது சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வதுதான். இந்தத் தள்ளுபடி காருக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. காரை விற்று வேறு வாங்கினால் கூடவே வரும். ஆனால் பாலிசி முடிந்து 90 நாள் தாண்டிவிட்டால் போய்விடும்.

பழைய கார் வாங்குகிறவர்கள் ஆர்சியை மாற்றியதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பாலிசியை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டிச் சேதத்துக்கான கிளெய்மில் சிக்கல் வரும். ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டினாலும் அதே கதைதான்.

வங்கி கேட்பது வங்கிக்காக

வீட்டுக்கடன் வாங்கியவர்களிடம் "வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "லோன் போடும்போதே பிடிச்சுட்டாங்களே" என்பார்கள். பிடித்தது என்ன என்பதுதான் கேள்வி. பல சமயம் அது கடன் வாங்கியவர் இறந்தால் வங்கிக் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு. நல்ல விஷயம்தான், ஆனால் வீடு எரிந்தால் அதில் பத்துப் பைசா வராது. சில சமயம் அது உண்மையிலேயே கட்டடத்துக்கான காப்பீடாக இருக்கும். ஆனால் தொகை கடன் பாக்கி அளவுக்கும், பணம் பெறும் முதல் உரிமை வங்கிக்கும் இருக்கும். உள்ளே இருக்கும் பொருட்கள் அதில் இருக்காது. கடன் முடிந்ததும் பத்திரத்தைத் திரும்ப வாங்கி, கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வருகிறோம். அந்தக் காப்பீட்டைப் புதுப்பிக்க யாருக்கும் நினைவு வருவதில்லை.

வீட்டுக்கென்று நாமே வாங்க நல்ல பாலிசி ஒன்று இருக்கிறது. பெயர் பாரத் கிருஹ ரக்ஷா. 2021 ஏப்ரல் 1 முதல், தீ மற்றும் அதுசார்ந்த காப்பீடு விற்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் இதை ஒரே வாசகத்தில் விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கொண்டுவந்தது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம், மேல்நிலைத் தொட்டி அல்லது குழாய் உடைந்து வழிவது வரை அடிப்படைப் பாலிசியிலேயே அடக்கம். பத்து வருடம் வரை சேர்த்து எடுக்கலாம். நீண்டகாலமாக எடுத்தால் காப்பீட்டுத் தொகை ஆண்டுதோறும் தானாகப் பத்து சதவீதம் ஏறும்.

தொகையை எப்படி முடிவு செய்வது? இங்கேதான் சென்னைவாசிகள் பயந்துபோய் ஓடிவிடுகிறார்கள். "என் ஃபிளாட் எண்பது லட்சம் சார், அதுக்கு பிரீமியம் எவ்வளவு ஆகும்?" என்று. எண்பது லட்சத்தில் பெரும்பகுதி நிலத்தின் விலை, உங்கள் யுடிஎஸ் பங்கு. நிலம் எரியாது, வெள்ளத்தில் கரைந்தும் போகாது. காப்பீடு கட்டடத்தைத் திரும்பக் கட்ட ஆகும் செலவுக்குத்தான். 900 சதுர அடி கார்ப்பெட் ஏரியா, சதுர அடிக்குக் கட்டுமானச் செலவு 2,500 என்று வைத்தால் இருபத்திரண்டரை லட்சம். அவ்வளவுதான். கட்டடத்துக்கு எடுத்தாலே, அந்தத் தொகையில் 20 சதவீதம் அளவுக்கு, அதிகபட்சம் பத்து லட்சம் வரை, வீட்டுப் பொருட்களுக்கும் பாதுகாப்பு தானாகச் சேர்ந்துவிடும். நம் கணக்கில் நாலரை லட்சம். பிரீமியம், பல நிறுவனங்களில் ஆண்டுக்குச் சில ஆயிரங்களுக்குள் அடங்கிவிடும்.

பழைய வகைப் பாலிசிகளில் ஒரு கொடுமை இருந்தது. இருபது லட்சம் மதிப்புள்ள வீட்டுக்குப் பத்து லட்சத்துக்கு மட்டும் எடுத்திருந்தால், நாலு லட்சம் சேதத்துக்கு இரண்டு லட்சம்தான் தருவார்கள். பாதிதானே எடுத்தாய், பாதிதான் தருவேன் என்ற நியாயம். இந்தப் பாலிசியில் அந்த வெட்டு கிடையாது. ஒழுங்குமுறை ஆணையத்தை நாம் பாராட்டுவது அபூர்வம், இதற்குப் பாராட்டலாம்.

இதில் வராதவையும் உண்டு. கன்னமிட்டுத் திருடுவது அடிப்படையில் இல்லை. வெள்ளம், தீ போன்ற சம்பவத்தை ஒட்டி ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டு மட்டுமே வரும். மற்ற திருட்டுக்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும். ஷார்ட் சர்க்யூட்டில் டிவி மட்டும் கருகினால் டிவிக்குக் கிடைக்காது. அந்தத் தீ பரவி திரைச்சீலையும் சோபாவும் எரிந்தால் அவற்றுக்குக் கிடைக்கும். ஈரம் ஊறி வருடக்கணக்கில் பெயர்ந்த சுவர்ப்பூச்சுக்கு யாரும் தர மாட்டார்கள்.

நகை பற்றி ஒரு வார்த்தை. அடிப்படைப் பாலிசியில் அது வராது. மதிப்பீடு செய்து, பட்டியல் கொடுத்து, தனியாகச் சேர்க்க வேண்டும். "லாக்கர்லதானே இருக்கு" என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு: 2022 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி இவற்றால் இழப்பு வந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரைதான். மூவாயிரம் வாடகை என்றால் மூன்று லட்சம். இன்றைய தங்க விலையில் அது எத்தனை பவுன் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாதவரை, அதுவும் கிடையாது.

அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: லிஃப்ட், மோட்டார், ஜெனரேட்டர், சுற்றுச்சுவர் இவற்றுக்கு யார் பெயரில் காப்பீடு இருக்கிறது? பெரும்பாலான சங்கங்களில் செயலாளர் பொருளாளரைப் பார்ப்பார், பொருளாளர் மேலே ஃபேனைப் பார்ப்பார்.

யாரும் கேட்காதது வாடகைக்காரருக்காக

"வீடே என்னுது இல்ல, எனக்கு எதுக்குங்க இன்சூரன்ஸ்?" வாடகைக்கு இருப்பவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். ஹவுஸ் ஓனர் காப்பீடு எடுத்திருந்தால் அது அவருடைய சுவருக்கும் தரைக்கும். உள்ளே நிற்கும் உங்கள் பீரோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெள்ளம் வடிந்த பிறகு ஓனர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துத் தருவார், நல்ல மனுஷராக இருந்தால் ஒரு மாத வாடகையை விட்டுக்கொடுப்பார். மெத்தையை வெயிலில் போடுவது உங்கள் பாடு.

ஒருமுறை உங்கள் வீட்டுக்குள் சுற்றி வந்து கணக்குப் போடுங்கள். ஃப்ரிட்ஜ் 28,000, வாஷிங் மெஷின் 22,000, டிவி 30,000, லேப்டாப் 55,000, பீரோ, கட்டில், மெத்தை 45,000, மிக்ஸி, கிரைண்டர், ஸ்டவ், தண்ணீர் சுத்திகரிப்பான் 25,000, துணிமணியும் பாத்திரமும் 60,000. மொத்தம் 2,65,000. சாதாரணக் குடும்பம், சாதாரணச் சாமான். மாதம் பதினைந்தாயிரம் வாடகை கொடுப்பவர், ஒன்றரை வருட வாடகையளவு பொருளைத் தண்ணீர் மட்டத்திலிருந்து ஓர் அடி உயரத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்.

பாரத் கிருஹ ரக்ஷாவைக் கட்டடம் இல்லாமல் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். வாடகைக்காரருக்கு அதுதான் தேவை. பல நிறுவனங்கள் திருட்டு, மின்சாதனப் பழுது, அடுத்தவர் சொத்துக்கு நம்மால் ஏற்படும் சேதம் இவற்றையும் சேர்த்துத் தனித் தொகுப்பாகவும் விற்கின்றன. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். உங்கள் சமையலறையில் பிடித்த தீ ஓனரின் கூரையையும் மேல்வீட்டு ஜன்னலையும் சேதப்படுத்தினால், அந்தப் பணத்தை உங்களிடம் கேட்க முடியும்.

பின் ஏன் இதை யாரும் விற்க வருவதில்லை? கார் பாலிசி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே நாலு பேர் போன் செய்கிறார்கள். வாடகை வீட்டுப் பொருட்களுக்கு ஒருவர்கூட அழைப்பதில்லை. பிரீமியம் சின்னது, கமிஷன் அதைவிடச் சின்னது. ஏஜென்ட்டுக்கு அதில் பெட்ரோல் காசு கட்டாது. நீங்களாகத் தேடிப்போனால்தான் கிடைக்கும் சரக்கு இது. அந்தப் பத்துப் பக்கத் தாளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகிறது. தமிழில் தாருங்கள் என்று கேட்கிற கூட்டம் பெருகினால்தான் இது மாறும்.

எடுக்கும்போது சில விஷயங்கள். பாலிசி முகவரிக்கானது, 11 மாதத்தில் வீடு மாறினால் நிறுவனத்துக்கு எழுதி முகவரியை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பழைய வீட்டுக்குத்தான் காப்பீடு. ரயிலில் தொலைந்த லேப்டாப்புக்குப் பொதுவாகக் கிடைக்காது. நான்கு பேர் சேர்ந்து தங்கியிருக்கும் அறையில் ஒருவர் எடுத்த பாலிசி மற்ற மூவரின் பொருளைக் காக்காது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்திருங்கள். ஓனர் கொடுத்த ஏசி, கட்டில் எவை, உங்களுடையவை எவை என்று அதில் குறித்துக்கொண்டால் பின்னால் தகராறு இல்லை.

சிலிண்டர் விஷயமும் இதில் சேர்த்தி. எண்ணெய் நிறுவனங்கள் எல்பிஜி வாடிக்கையாளர்களுக்காகத் தாங்களே காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. சிலிண்டர் விபத்தில் உயிரிழப்புக்கு ஆளுக்கு ஆறு லட்சம், மருத்துவச் செலவுக்கு ஆளுக்கு இரண்டு லட்சம் வரை, சொத்துச் சேதத்துக்கு இரண்டு லட்சம் வரை. நாம் தனியாக ஒன்றும் கட்ட வேண்டாம். ஆனால் சொத்துச் சேதத்துக்குக் கிடைப்பது இணைப்பு பதிவான முகவரியில் நடந்தால்தான். ஊரில் அப்பா பெயரில் இருக்கும் இணைப்பின் சிலிண்டரைக் கொண்டுவந்து சென்னையில் அடுப்பு மூட்டுகிறவர்கள் எத்தனை பேர்? முகவரி மாற்ற ஏஜென்சிக்கு ஒரு நடை போய்வாருங்கள்.

தண்ணீர் வடிந்த மறுநாள்

வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்த பிறகு பாலிசி வாங்கப் போனால் நிறுவனம் மறுக்கலாம், ஏற்கெனவே இருந்த சேதத்துக்கு நிச்சயம் தராது. எனவே வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே வேலையை முடித்துவிடுங்கள். இன்று மாலை செல்பேசியை எடுத்து, ஒவ்வோர் அறையாக, பீரோவைத் திறந்து, சாதனங்களின் பின்பக்க எண் தெரியும்படி ஐந்து நிமிட வீடியோ எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். பில்களையும் அப்படியே. காகித பில் வெள்ளத்தோடு போய்விடும்.

சேதம் வந்தால் முதலில் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, கிளெய்ம் எண் வாங்குங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி படம் எடுங்கள். அவசரப்பட்டு நனைந்த சாமானைக் குப்பை வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். சர்வேயர் பார்க்காத பொருளுக்கு விலை வாங்குவது கஷ்டம். நாற்றம் தாங்கவில்லை, வெளியே போட்டே ஆக வேண்டும் என்றால், படம் எடுத்து, நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதிவிட்டு அகற்றுங்கள். ஐஆர்டிஏஐ 2024-ல் வெளியிட்ட தொகுப்புச் சுற்றறிக்கைப்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அது வந்த 7 நாளுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். ஊரே மூழ்கிக் கிடக்கும்போது இது எவ்வளவு நடக்கும் என்பது வேறு விஷயம். ஆனால் விதி இருக்கிறது என்று தெரிந்தவரின் மின்னஞ்சலுக்கும் தெரியாதவரின் தொலைபேசிக் கெஞ்சலுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

மறுத்துவிட்டார்கள், அல்லது ரொம்பக் குறைத்துவிட்டார்கள் என்றால் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 155255 என்ற இலவச எண்ணிலும், பீமா பரோசா தளத்திலும் புகார் பதியலாம். முப்பது நாளில் பதில் வரவில்லை, வந்த பதிலும் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் வரையிலான தகராறுகளை விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. அவர் போடும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நிராகரிப்பு வந்து ஓராண்டுக்குள் ஆம்புட்ஸ்மேனிடம் போயாக வேண்டும். அந்தக் கடிதத்தைக் கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.